ஆற்றுப் பக்கத்து யன்னல்

ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது கஜானி திரையைப் பார்ப்பதில்லை. பேசுகிறவரின் வாயைத்தான் பார்ப்பாள். வாக்கியம் முடிவதற்குச் சற்று முன்பே அது எங்கே போய் நிற்கும் என்பது உதட்டில் தெரிந்துவிடும். அந்த இடைவெளிக்குள் தமிழில் வினைச்சொல்லைத் தேடி வைத்துக்கொள்வாள். மாவட்டச் செயலகமான கச்சேரியில் மொழிபெயர்ப்பாளராகச் சேர்ந்த நாளிலிருந்து இதுதான் பழக்கம். டெங்கு, உர மானியம், தாய்ப்பால், கண்ணிவெடி என்று எத்தனையோ கூட்டங்களில் பிறருடைய வாக்கியங்களைத் தன் குரலில் சொல்லிவிட்டு, சாப்பிட்டு முடித்த பார்சல் தாளோடு அவற்றையும் அங்கேயே போட்டுவிட்டு வந்திருக்கிறாள். அன்று புளியந்தீவு மண்டபத்தில் மட்டும் கொழும்பிலிருந்து வந்திருந்த அதிகாரி பேச்சை நிறுத்திவிட்டுத் திரையின் பக்கம் திரும்பினார். அவர் திரும்பியதால் அவளும் திரும்ப வேண்டியிருந்தது.

முதலில் முழு நாட்டின் படம். வெப்பம் கூடப்போகிற இடங்கள் செம்மண் நிறத்தில், மழை தவறப்போகிற இடங்கள் மஞ்சளில். வடக்கும் கிழக்கும் ஏறத்தாழ ஒரே நிறமாகக் கிடந்தன. அதையெல்லாம் அவள் தடங்கலின்றிச் சொல்லி வந்தாள். அடுத்த படத்தில் மட்டக்களப்பு வாவி மட்டும் பெரிதாக வந்தது. ஊரில் யாரும் அதை வாவி என்பதில்லை, ஆறு என்றுதான் சொல்வார்கள். அந்த ஆற்றின் இரண்டு ஓரங்களிலும் கடும் நீலத்தில் ஒரு பட்டை ஓடியது. இந்த நூற்றாண்டின் நடுப்பகுதியில் தண்ணீர் ஏறக்கூடிய நிலம் அது என்று அதிகாரி ஆங்கிலத்தில் சொன்னார். கிழக்குக் கரையில், ஒருவர் முழங்கையை மடக்கி வைத்தது போன்ற வளைவொன்று கஜானியின் கண்ணில் பட்டது. கண்ணாவடி. அப்பா நல்லரத்தினம் சாவதற்கு முன் அவளுக்குச் சீதனமாக எழுதிக்கொடுத்த காணி அந்த முழங்கையின் மேல்தான் இருந்தது. அதில் ஒரு வீடு கூரை வரைக்கும் எழும்பி, பூச்சு வேலைக்காகக் காத்து நின்றது.

அவளுடைய குரல் நிற்கவில்லை. வாய் தன்பாட்டில் வேலையைச் செய்தது. கடல்நீர் உள்ளே வரக்கூடும். கிணறுகள் உவராகக்கூடும். ஓர வயல்களில் விளைச்சல் குறையக்கூடும். மக்கள் வேறிடங்களுக்குப் போக நேரக்கூடும்.

நடுவரிசையில் இருந்து ஒருவர் கையை உயர்த்தினார். ஓட்டமாவடியில் இருந்து வந்திருந்த மர்சூக் என்கிற விவசாயி.

"தங்கச்சி, எல்லாத்துக்கும் கூடும் கூடும் எண்டு சொல்லுறீங்க. வருமா, வராதா?"

மண்டபத்தில் சிலர் சிரித்தார்கள். கஜானி கேள்வியை ஆங்கிலத்தில் சொன்னாள். அதிகாரி சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மெதுவாகப் பதில் சொன்னார். கஜானி அதைக் கேட்டு, கூட்டங்களில் பேசும் தமிழை மறந்து, வீட்டில் பேசுவது போலச் சொன்னாள்:

"வரும் எண்டுதான் சொல்லுறாங்க. எவ்வளவு சுறுக்கா எண்டுதான் தெரியாதாம்."

தேநீர் இடைவேளையில் அவள் அதிகாரியிடம் போய் நின்று அந்த வளைவைப் பற்றிக் கேட்டாள். அவர் மடிக்கணினியில் படத்தைப் பெரிதாக்கினார். பெரிதாக்கப் பெரிதாக்க நீலம் கட்டம் கட்டமாகப் பிரிந்ததே தவிர விலகவில்லை. "உங்கள் வீடா?" என்று கேட்டார். கஜானி தலையாட்டினாள். அவர் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, தன்னுடைய அம்மாவின் வீடு சிலாபம் பக்கம் என்றும், அதுவும் இந்த நிறத்துக்குள்தான் வருகிறது என்றும் சொன்னார். அம்மாவுக்குத் தெரியுமா என்று கஜானி கேட்டாள். இன்னும் சொல்லவில்லை என்றார் அவர்.

கஜானியின் கணவன் உதயரூபன் கட்டாரில் இருந்தான். பெரிய கட்டடங்களின் மொட்டை மாடிகளில் ஏசி இயந்திரங்களைப் பூட்டுவதும் திருத்துவதும் அவன் வேலை. கீழே ஆயிரம் பேரைக் குளிரவைக்கும் இயந்திரத்தின் சூடான மூச்சு முழுவதும் மாடியில் நிற்பவனின் முகத்தில்தான் அடிக்கும் என்று ஒருமுறை சொல்லியிருந்தான். மகள் டிலக்சனா நடக்கப் பழகிய வருடத்தில் போனவன். இரண்டு தடவை லீவில் வந்து திரும்பினான். இந்த முறை பங்குனியில் ஒரேயடியாக முடித்துக்கொண்டு வருவதாகச் சொல்லியிருந்தான். ஒவ்வொரு நாளும் பின்னேரம், கல்லடியில் அவளும் மகளும் இருந்த வாடகை வீட்டுக்கு அழைப்பு வரும். சாப்பாடு, பள்ளிக்கூடம், இருமல் எல்லாம் விசாரித்து முடிந்ததும் பேச்சு வீட்டுக்கு வந்து நிற்கும்.

"ஆத்துப் பக்கத்து யன்னல் நான் சொன்ன அளவுக்குத்தானே வெச்சிரிக்கு?"

"ஓம். மேசன் சிரிக்கிறார். கதவுக்கு வைக்கிற அளவுல யன்னலாம்."

"சிரிக்கட்டும். அந்தப் பக்கத்துக் காத்து வந்தாக் காணும். ஏசி பூட்டுறவன்ட வீட்டுல ஏசி இரிக்கப்படா."

கூட்டம் நடந்த அன்றும் இதையேதான் கேட்டான். அவள் ஓம் ஓம் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அவன் முகத்துக்குப் பின்னால் தகரச் சுவரும், ஒரு கட்டிலின் மேல் இன்னொரு கட்டிலும், அதில் யாரோ ஒருவருடைய காய்கிற சட்டையும் தெரிந்தன. இத்தனை வருடமாக அந்தச் சுவருக்கு முன்னால் இருந்துகொண்டு அவன் கட்டிய வீடு அது. கல்லைத் தொட்டதில்லை, சீமெந்து மணந்ததில்லை. ஆனால் எந்த நேரத்தில் எந்த அறைக்குள் வெயில் விழும் என்பது அவனுக்குத் தெரியும். அந்த வீடு நீலத்துக்குள் கிடக்கிறது என்பதை எப்படி எடுத்துச் சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. பிறருடைய வாக்கியம் என்றால் சொல்லியிருப்பாள்.

அலுவலகத்தில் பக்கத்து மேசை றஸீனாவிடம்தான் அதைப் பேசினாள். றஸீனா ஏறாவூர்க்காரி. அவளுடைய கணவன் ஹலீம் சவூதியில் இருந்தார்.

"சொல்ல வேணாம் எண்டு நான் சொல்லல்ல கஜானி," என்றாள் றஸீனா. "ஆனா சொன்னா என்ன நடக்கும் எண்டு எனக்குத் தெரியும். மேட்டுல வேறொரு காணி வாங்கணும் எண்டு அந்த மனிசன் மறுகாவும் அங்கதான் நிப்பார். எங்கட வீட்டு மனிசனும் ஒவ்வொரு தடவையும் இதான் கடைசி எண்டுதான் போறார். ஒவ்வொரு தடவையும் ஒரு நல்ல காரணம் இரிக்கும்."

அதன் பிறகு கஜானி அந்தப் பேச்சை எடுக்கவில்லை. கார்த்திகையில் புயலோடு மழை கொட்டி, ஆறு பொங்கி, புது வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர் நின்றபோது அதை அவனுக்குச் சொன்னாள். ஆறு கடலில் சேரும் முகத்துவாரத்து மண்ணை வெட்டிவிட்டதும் வடிந்துவிடும் என்றான். வடிந்தது. ஆனால் புயல் தள்ளிவிட்ட கடல் கிணற்றுக்குள் விட்டுப்போனது வடியவில்லை. தை பிறந்தும், மாசி முடிந்தும், வாளியில் அள்ளிய தண்ணீர் நாக்கில் கரித்தது. சுவரின் அடியில் கல்லுக்கு மேல் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. படம் எடுத்து அனுப்பும்போதெல்லாம் அவள் தன்னை அறியாமல் கையைச் சற்று மேலே உயர்த்தி, யன்னலில் இருந்து தொடங்கி எடுத்தாள். அவன் வரட்டும் என்றிருந்தாள். அவன் வந்து கட்டிலில் படுத்து, ஒருநாள் முழுக்க நித்திரை கொண்டு, எழும்பி, பிளேன்டீ கேட்கட்டும். மிச்சம் எல்லாம் பிறகு.

பங்குனியில் வந்தான். பிடரி கரிந்து, முன்னிருந்ததைவிட ஒல்லியாக, பெட்டியைத் தூக்கும்போது ஒரு கணம் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு. டிலக்சனா போனில் அவனோடு சண்டை பிடிக்கும் அளவுக்குப் பழகியவள். நேரில் கண்டதும் தாயின் பின்னால் ஒளிந்துகொண்டாள். அவன் அவளைக் கூப்பிடாமல், அவள் பார்க்கக்கூடிய இடத்தில் நிலத்தில் உட்கார்ந்து, பெட்டியை மெதுவாகத் திறந்து சாமான்களை ஒவ்வொன்றாக வெளியே வைத்தான். அவள் ஒவ்வொரு அடியாக முன்னுக்கு வந்தாள். கடைசியில் அவன் தோளில் நாடியை வைத்துக்கொண்டு பெட்டிக்குள் எட்டிப் பார்த்தாள். அடுப்படி வாசலில் நின்ற கஜானிக்கு, அந்தத் தோளில் இடம் பிடிக்கத் தானும் வரிசையில் நிற்பது போல இருந்தது.

அடுத்த நாளே மூவரும் கண்ணாவடிக்குப் போனார்கள். அவன் வீட்டைச் சுற்றி நடந்தான். உள்ளங்கையைச் சுவரில் வைத்து வைத்து எடுத்தான். யன்னலின் முன்னால் போய் நின்றபோது ஆற்றில் இருந்து காற்று வந்து அவன் சட்டையை நிரப்பியது. கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் நின்றான். அவள் அந்த முதுகைப் பார்த்துக்கொண்டு, இதற்காகவாவது சொல்லாமல் இருந்தது சரி என்று நினைத்தாள்.

பிறகு குளிக்கப் போனான். இரண்டு வாளி ஊற்றினான். சவர்க்காரம் நுரைக்கவில்லை. மூன்றாவது வாளியில் கையை நனைத்து நாக்கில் வைத்துப் பார்த்தான்.

"சவர்," என்றான். "மழை கண்டும் மாறல்லியா?"

"மாறல்ல."

அவன் வாளியைக் கவிழ்த்து வைத்தான். தலையைத் துவட்டிக்கொண்டு வந்து படியில் உட்கார்ந்தான். டிலக்சனா ஆற்றோரச் சதுப்பில் நின்ற கண்ணா மரங்களின் வேர்களுக்கிடையில் நண்டுகளைக் கலைத்துக்கொண்டிருந்தாள். அவளைப் பார்த்ததும் அவன் முகம் பழையபடி இளகிற்று.

"இது அவட வீடு," என்றான். "அவளுக்குக் கலியாணம் எண்டா நாம ரெண்டு பேரும் பின்னால ஒரு குடில் போட்டுக்கிட்டு இரிப்பம். உன்ட அப்பா இரிந்த மாதிரி."

இந்தப் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்குத்தான். தாயிடமிருந்து மகளுக்கு, அவளிடமிருந்து அவள் மகளுக்கு. எல்லோரும் சொல்கிற சாதாரணமான பேச்சுத்தான் அது. ஆனால் கஜானி மனதுக்குள் அதிகாரி சொன்ன அந்த நூற்றாண்டு நடுப்பகுதிக்குப் போனாள். அப்போது டிலக்சனாவுக்கு இப்போது தனக்கிருக்கும் வயதுதான் இருக்கும். இதே படியில் உட்கார்ந்திருப்பாள். அவளுக்கும் ஒரு பிள்ளை இருக்கலாம். அப்போது தண்ணீர் ஏறும் இந்தக் கணக்கு அவளுக்கும் தெரிந்திருக்கும். அம்மாவுக்கு முன்பே தெரியும் என்பதும் தெரிந்திருக்கும்.

அவள் சொன்னாள். மண்டபம், படம், முழங்கை மாதிரி வளைவு, நீலம், மர்சூக் கேட்ட கேள்வி. சொல்லி முடித்த பிறகு தன் குரல் ஒலிவாங்கிக் குரலாக இருந்ததை உணர்ந்தாள்.

"எப்ப தெரியும்?"

"ஐப்பசியில."

"ஏன் சொல்லல்ல?"

"நீங்க வராம விட்டிருவீங்க எண்டு."

அவன் ஆற்றைப் பார்த்தான். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

இரண்டு நாள் கழித்து அவன் டோகாவுக்குப் போன் எடுத்தான். மனேஜர் அவனுடைய இடத்துக்கு இன்னும் ஆள் போடவில்லையாம், வருவதென்றால் கிழமை முடிவுக்குள் சொல்லச் சொன்னார். போனை வைத்துவிட்டு அவன், படுவான்கரையில் ஒரு காணி விலைக்கு இருப்பதாகக் கூட்டாளி ஒருவன் சொன்னதாகவும், அது மேட்டுநிலம் என்றும் கஜானியிடம் சொன்னான். படுவான்கரை என்பது ஆற்றுக்கு அப்பால், சூரியன் விழுகிற பக்கம். கஜானி சோற்றுப் பானையை இறக்கி வைத்தாள்.

"எனக்கு மேட்டுக்காணி வேணாம்," என்றாள். "இந்த வீட்டுல இரிக்கிற மட்டும் இரிப்பம். தண்ணி வாறப்போ வரட்டும். நீங்க இஞ்ச இரிங்க."

"இது நம்மட ரெண்டு பேருட காரியம் மட்டும் இல்லியே, கஜா."

"நான் ஆரோட இத்தினை வருசம் இரிந்தன் எண்டு உங்களுக்குத் தெரியுமா? போனோட."

டிலக்சனா பாடப் புத்தகத்தில் இருந்து தலையை உயர்த்தினாள். இருவரும் பேச்சை நிறுத்தினார்கள். முதலில் காணியைப் பார்ப்போம், பார்த்தால் ஒன்றும் குறையாது என்று அவன் தாழ்ந்த குரலில் சொன்னான்.

அந்தக் கிழமை காலம் தப்பி மழை பெய்திருந்தது. அறுவடை முடியாத வயல் வட்டைகளில் நெல் சாய்ந்து தண்ணீருக்குள் கிடந்தது. முகத்துவாரம் மண்ணடைத்துக் கிடந்ததால் ஆறு நிறைந்து நின்றது. அவர்கள் இயந்திரம் பூட்டிய மிதவையில் அக்கரைக்குப் போனார்கள். ஊரில் அதைப் பாதை என்பார்கள். அங்கிருந்து ஓட்டோவில் வெகுதூரம் உள்ளே போக வேண்டியிருந்தது. வயல், அதற்கப்பால் பற்றைக்காடு, அதற்கப்பால் செம்மண் மேடு. காணியில் இரண்டு பாலை மரங்களும் ஒரு கட்டுக்கிணறும் இருந்தன. மழை விட்ட வெயில் நிலத்தில் இருந்து ஆவியாகக் கிளம்பியது. ஒரு இலை அசையவில்லை.

"ஆறு எங்க?" என்று டிலக்சனா கேட்டாள்.

"அங்கால," என்றான் உதயரூபன். எந்தப் பக்கம் என்று காட்டக் கையைத் தூக்கியவன், பற்றைகளுக்கு மேலால் ஒன்றும் தெரியாததால் இறக்கிவிட்டான்.

கிணற்றில் ஒரு வாளி கிடந்தது. கஜானி தண்ணீர் அள்ளினாள். மகள் இரண்டு கைகளையும் சேர்த்து நீட்டினாள். ஊற்ற ஊற்றக் குடித்தாள். நாடியில் வழிந்து சட்டை நனைந்தது. நிறுத்தி மூச்சு விட்டு, மறுபடி கையை நீட்டினாள். கல்லடியில் குழாய்த்தண்ணீர், கண்ணாவடிக்குப் போகும்போது போத்தல் தண்ணீர் என்று பழகிய பிள்ளை. கிணற்றுத் தண்ணீர் இனிக்கும் என்பது அவளுக்குப் புதினமாக இருந்தது.

"அம்மா, இதுல சீனி போட்டிரிக்கா?"

கஜானிக்குச் சிரிப்பு வரவில்லை. வாளிக் கயிறு கையில் ஈரமாகக் கனத்தது. இத்தனை வருடம் அவள் வேண்டியது ஒன்றுதான். அவன் வர வேண்டும். பின்னேரங்களில், பாலத்தில் பஸ் நிற்கும்போது, பக்கத்து வீட்டில் ஆண் குரல் கேட்கும்போது, வேறெதையும் அவள் வேண்டியதில்லை. அதே மனதுக்குள் இப்போது, அவள் அழைக்காமலே, ஒரு வாக்கியம் உருவாகிக்கொண்டிருந்தது. அது எங்கே போய் நிற்கும் என்பது அவளுக்கு முன்பே தெரிந்தது. போயிட்டு வாங்க. ரெண்டு வருசம்தானே. உதடு வரைக்கும் வந்துவிட்டது.

அவன் பாலை மரத்தடியில் குந்திக்கொண்டிருந்தான். முகம் வெளிறிப் போயிருந்தது. காற்றைத் தேடுகிறவன் போல முகத்தை ஒரு பக்கமும் மறுபக்கமுமாகத் திருப்பினான். அவள் ஓடிப்போய் முந்தானையை நனைத்து அவன் பிடரியில் வைத்தாள்.

"போன கோடையில," என்றான், மகளுக்குக் கேட்காதபடி, "எங்களோட ஒரு நேபாளத்து ஆள் நிண்டவர். மாடியில மெசினுக்குப் பக்கத்துல இப்படித்தான் குந்தினார். களைப்பாக்கும் எண்டு நான் கூப்பிடல்ல. எழும்பவே இல்ல."

அவள் கை அவன் பிடரியில் அப்படியே நின்றது.

"அதுக்குப் பிறகும் ஏறினன்தான். வீடு முடியணும் எண்டு ஏறினன். இப்ப நினைச்சா அந்த ஏணியில கால் வைக்க எனக்குப் பயமாக் கிடக்கு, கஜா. போறன் எண்டு உனக்கு முன்னால சொல்லிட்டன். ஏலுமா எண்டு தெரியல்ல."

அவள் உதட்டில் இருந்ததை விழுங்கினாள். அது தொண்டையில் இறங்கிய விதத்தை அவன் கண்டிருப்பானோ என்று பயந்தாள். பக்கத்தில் செம்மண்ணில் உட்கார்ந்து, முந்தானையின் ஈரம் காயும் வரை அவன் பிடரியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். டிலக்சனா தானாகவே வாளியை இறக்கப் பழகிக்கொண்டிருந்தாள். வாளி தண்ணீரில் விழும் சத்தம் ஆழத்தில் இருந்து கேட்டது.

ஊருக்குள்ளும் இந்த வேலை இருக்கிறதுதான் என்று திரும்பும் வழியில் ஓட்டோவுக்குள் அவன் சொன்னான். காத்தான்குடியில், டவுனில், இந்தச் சூட்டுக்கு எல்லோரும் ஏசி வாங்குகிறார்கள். ஒற்றைமாடி வீடுகள், சின்ன மெசின்கள். சமாளிக்கலாம். ஆனால் அதை வைத்து அந்தக் காணியை எப்போது வாங்குவது என்று அவன் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. மனேஜருக்கு நாளைக்குப் பதில் சொல்ல வேண்டும். இருவருக்கும் அது தெரியும்.

வெயில் சாயும் நேரத்தில் பாதை புறப்பட்டது. மோட்டார் சைக்கிள்கள், நனைந்த நெல்மூட்டைகள், ஒரு கன்று, அதைப் பிடித்துக்கொண்டு ஒரு பெண். நடு ஆற்றில் காற்று வந்தது. உதயரூபன் சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றிவிட்டு நின்றான். டிலக்சனா அவன் இடுப்பைக் கட்டிக்கொண்டு நித்திரை மயக்கத்தில் ஆடினாள்.

இக்கரையில் இறங்கும் பலகை தண்ணீருக்குள் இருந்தது. காலையில் போகும்போது அது வெளியே கிடந்ததை கஜானி கண்டிருந்தாள். பாதைக்காரர் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. மற்றவர்களும் கேட்கவில்லை. செருப்புகளைக் கையில் எடுத்தார்கள், சாரங்களை மடித்துக் கட்டினார்கள், கன்றைத் தூக்கிக்கொண்டார்கள். ஒருவர் பின் ஒருவராகப் பலகை இருக்கும் இடத்தைக் காலால் தடவிப் பார்த்து இறங்கினார்கள். உதயரூபன் மகளைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினான். கணுக்கால் அளவுத் தண்ணீர். கஜானி பின்னால் இறங்கி, பலகை எங்கே முடிகிறது என்று தெரியாமல், அவன் சட்டையின் பின்பக்கத்தை இறுக்கிப் பிடித்தாள். அவன் திரும்பிப் பார்க்கவில்லை. அவள் அடியெடுத்து வைக்கும் வரை நின்று, பிறகு தான் ஒரு அடி வைத்தான்.